தண்ணீருக்கடியில் பெரட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் என் தங்கையின் பிள்ளைகள். ஏழும் உயிரோடு இருக்கின்றன, ஏழுக்கும் நீந்தத் தெரியும். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் பெயரை எழுதுவேன், பலாங்கொடை பஸ்ஸின் பலகையை வாசிப்பேன். அதற்கு மேல் எழுத்து எனக்குத் தேவைப்படவில்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தர்ஷினி எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக்கிக் கொள்ளட்டும். விஷயத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இது அக்கரை பங்களாவில் விருந்தாளிகளுக்குப் படகு வலிக்க வந்திருக்கிற பிள்ளைகளுக்கு. உங்களை எனக்குத் தெரியும். உங்கள் தாய்மாரைத் தெரியும். சிலருடைய பாட்டிமாரை இதே தண்ணீரில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். நீங்கள் போட்டிருக்கிற மிதவைச் சட்டை எங்களுக்கு இருந்ததில்லை. வேர்க்கிறது என்று அதைக் கழற்றி வைக்காதீர்கள்.

உங்கள் படகுத்துறையில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். தண்ணீரின் மேல் இருக்கும் நேரம் மனதுக்கும் உடம்புக்கும் நல்லது என்று மூன்று பாஷையிலும் எழுதியிருப்பதாகத் தர்ஷினி வாசித்துச் சொன்னாள். அது உண்மை. அதற்கு நானே சாட்சி. ஆனால் பலகையில் எழுதாத ஒன்று இருக்கிறது. போன வாரம் உங்களில் ஒருத்திக்கு அது தெரிந்துவிட்டது.

காலைப் பனிக்குள் போன அந்தப் பிள்ளை பாதி வழியில் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். படகில் கொழும்பிலிருந்து வந்த ஒரு விருந்தாளி அம்மா, நோனா என்போம். இருவர் முகத்திலும் இரத்தம் இல்லை. நோனாவை இறக்கிவிட்டு அவள் நேரே தோட்டத்து வரிசை வீடுகளில் என் லயத்துக்கு வந்தாள்.

"அம்மாயி, கீழ யாரோ அடிக்கிறாங்க."

"என்னத்த அடிக்கிறாங்க?"

"தெரியல. தகரத்துல அடிக்கிற மாதிரி இருந்துச்சு. இல்ல, தோலுல அடிக்கிற மாதிரி. நோனா எந்திரிச்சு நின்னுட்டாங்க. போட் ஆடிப்போச்சு."

"நீ எந்திரிச்சியா?"

"இல்ல."

"அப்ப நீ போட்டுக்காரிதான். போயி சாப்புடு. பெறகு பேசலாம்."

இந்தக் கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இனிச் சொல்லாமல் இருந்தால் அடுத்த முறை படகு திரும்பி வராமல் போகலாம்.

நீங்கள் படகு ஓட்டுகிற இடத்துக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷன் இருக்கிறது. லயங்கள், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவம், கோயில், கோயிலுக்கு முன்னால் ஒரு அரச மரம், அதற்கு மேலே பெரட்டுக் களம். பெரட்டு என்றால் உங்களுக்கு இப்போது ஹோர்ன் சத்தம். எங்களுக்கு அது தப்பு, தோல் கட்டிய பறை. விடியுமுன் அதை அடித்து எழுப்புவார்கள். களத்தில் போய் நின்றால்தான் இன்றைக்கு எந்த மலை, என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். அந்த அடி இரண்டு தரம் விழும். முதலில் விழுவது எழுப்புகிற அடி. இழுத்து இழுத்து, இடைவெளி விட்டு விழும். இரண்டாவது கூப்பிடுகிற அடி. அது வேகமாக, விடாமல் விழும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைக்குப் பால் கொடுத்து, மழைக்குப் போர்த்துகிற கொங்காணியை மடித்துப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். பிறந்த நாளிலிருந்து அந்த அடியில் வளர்ந்தவர்கள் நாங்கள். அது விழுந்தால் காது கேட்கும் முன்பே முதுகு எழுந்துவிடும்.

பிறகு அணை கட்டினார்கள். எங்களை மேலே புது லயங்களுக்கு ஏற்றினார்கள். தண்ணீர் வந்து கீழ் டிவிஷனை மூடியது. ஆனால் அக்கரை மலையில் தேயிலை இருந்தது. குடியிருப்பது இக்கரையில், கொழுந்து அக்கரையில். சுற்றிப் போனால் பொழுது நடையிலேயே போய்விடும். அதனால் தோட்டத்தில் ஒரு நீளமான மரப் படகு வாங்கினார்கள்.

முதலில் அதை வலித்தவர் கீழே ஆற்றோரத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு சிங்களப் பெரியவர். அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியபோது தோட்டத்து ஆம்பிளைகள் யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை. பெண்டுகளைச் சுமக்கிற வேலை என்று சிரித்தார்கள். நான் போய்த் துடுப்பைப் பிடித்தேன். அவர் பேச்சு குறைவு. நான் பலத்தையெல்லாம் போட்டு இழுத்தால் "ஹெமின், ஹெமின்" என்பார், மெதுவாக என்று. கரையேறிப் போன கடைசி நாளில்தான் ஒரு முழு வசனம் பேசினார். "தண்ணிய பாக்காத. ஏறியிருக்கிற ஆளுங்கள பாரு. தண்ணி தன்ன பாத்துக்கும்."

அந்தப் பேச்சை நான் காப்பாற்றினேன். அதில் இன்னும் ஒரு பாதி இருந்தது. அதை எனக்கு வேறொருத்தி சொல்லிக் கொடுத்தாள். அதற்கு வருகிறேன்.

முதலில் பலகையில் எழுதியிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கொழுந்து எடுக்கிறவளுக்குக் கழுத்து வலி இல்லாத நாள் கிடையாது. கூடையின் கயிறு தலையில் அழுத்தும், கால் சரிவில் நிற்கும், கண் நாள் முழுக்க ஒரு சாண் தூரத்தில் இலையையே பார்த்துக்கொண்டிருக்கும். படகில் ஏறியவுடன் கூடை கீழே இறங்கிவிடும். கால் நீளும். கண் தூரத்துக்குப் போகும். தேயிலைக்குள் காலில் ஏறுகிற அட்டை படகில் கிடையாது. கங்காணி கரையில் நிற்பான், அவன் சத்தம் எட்டாது. காலையில் குழாயடியில் சண்டை போட்ட இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால், நடுத் தண்ணீர் வருமுன் இரண்டு பேரின் மூச்சும் என் துடுப்போடு சேர்ந்துவிடும். ஒரே மாதிரி மூச்சு விடுகிற இரண்டு பேர் சண்டை போட முடியாது. சோதித்துப் பாருங்கள். பிரஷர் மாத்திரை தின்கிறவர்கள் அக்கரையில் இறங்கும்போது முகம் தெளிந்து இறங்குவார்கள். மாத்திரையை விடச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறேன். எனக்கு ஐந்தாவது பிள்ளைக்குப் பிறகு இடுப்பு விழுந்து போயிருந்தது. துடுப்புப் பிடித்த இரண்டாம் வருஷம் அது எங்கே போனதென்று தெரியவில்லை. இன்றைக்கும் என் தோளைத் தொட்டுப் பாருங்கள்.

தண்ணீர் உடம்போடுதான் முதலில் பேசும். மனதுக்கு அப்புறம்தான் தகவல் போகும். அதில்தான் நன்மையும் இருக்கிறது, மற்றதும் இருக்கிறது.

இப்போது ராக்காயி.

எனக்கு மூத்தவள், நான் ராக்கக்கா என்பேன். அவள் புருஷன்தான் கீழ் டிவிஷனில் பெரட்டுக்குத் தப்பு அடித்தவர். நாங்கள் மேலே ஏறிய வருஷம் ஹோர்ன் வந்துவிட்டது. அவர் தப்பைப் பழைய லயத்துச் சுவரிலேயே மாட்டிவிட்டு வந்தார். கேட்டதற்கு, "அது அந்தக் களத்துக்கு அடிக்கிறது. இங்க எதுக்கு?" என்றார். தண்ணீர் ஏறி முடிவதற்குள் அவரும் காய்ச்சலில் போய்விட்டார்.

அதன் பிறகு ராக்கக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைத்தால் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள். கொழுந்து எடுக்க விட்டால் ஒரே செடியின் முன் நின்றுகொண்டிருப்பாள். அவள் மகள் செல்வி, அப்போது கல்யாணம் ஆகாத பெண், ஒரு நாள் படகுத்துறையில் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அத்தை, அம்மா வெள்ளெனவே எந்திரிச்சுப் போயிருது. தேடிப் போனா தண்ணிக்குள்ள நிக்கிது. முழங்கால் வரைக்கும். நேத்து இடுப்பு வரைக்கும்."

"என்னன்னு கேட்டியா?"

"வாயத் தொறந்து சொன்னது இது ஒண்ணுதான். 'அடிக்கிறாரு'ன்னு சொல்லுது."

டிஸ்பென்சரியில் அப்போது யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். செல்வியும் நானும் ராக்கக்காவை அவரிடம் கூட்டிப் போனோம். அவர் நாடி பார்த்தார், கண் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்ர மருந்தால மட்டும் மாறுற வருத்தமில்ல. எங்கட ஊரில மனம் குழம்பின ஆக்களைத் தோணியில ஏத்திக்கொண்டு போறவை. நீங்கள் நாளாந்தம் போறீங்கள்தானே, இவவையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

செல்வி அழத் தொடங்கிவிட்டாள். நான் கேட்டேன், "தண்ணிதானுங்களே ஐயா அவள இழுக்குது?"

"தனிய நிண்டா இழுக்கும். கூட்டத்தோட இருந்தாத் தாங்கும். நான் அப்பிடித்தான் நினைக்கிறன். முடிவு எடுக்கவேண்டியது நீங்கள்."

இதுதான் உங்களுக்கு வரப்போகிற முடிவும். பங்களாவுக்கு வருகிற எல்லோரும் படம் பிடிக்க வருகிறவர்கள் அல்ல. சிலர் எதையோ தாங்க முடியாமல் வருவார்கள். அவர்களை ஏற்றவா வேண்டாமா என்று துறையில் நின்று ஒரு மூச்சுக்குள் தீர்மானிக்க வேண்டும். நான் நினைத்தது இதுதான்: இவள் தண்ணீருக்குப் போகத்தான் போகிறாள். போகிறவள் என்னோடு போகட்டும்.

செல்வி கடைசி வரைக்கும் தடுத்தாள். "அம்மாவுக்கு ஏதும் ஆனா ஒங்க மொகத்துல முழிக்க மாட்டேன் அத்தை" என்றாள். சரி என்றேன்.

ராக்கக்காவைப் படகின் நடுவில், அடிப்பலகையில், என் காலுக்கு நேரே உட்கார வைத்தேன். கையில் ஒரு பழைய பால்மா டின்னைக் கொடுத்தேன். மரப் படகு கசிந்துகொண்டே இருக்கும், தண்ணீரை இறைத்து வெளியே ஊற்ற வேண்டும். "நீ எறைக்கலன்னா எல்லாரும் முங்கிருவோம் ராக்கக்கா" என்றேன். அவள் டின்னைப் பார்த்தாள். பிறகு இறைத்தாள்.

உட்கார்ந்து அமைதியாக இரு என்று யாரையும் சொல்லாதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். அமைதி அதன் பின்னால் தானாக வரும்.

கொஞ்ச நாளில் அவள் சோறு தின்னத் தொடங்கினாள். வெள்ளென எழுந்து போவது நின்றது. இறைத்து இறைத்துக் கைக்குப் பலம் வந்தது, அந்தக் கையோடு தேயிலைக்குள் போனாள், கூடை பாதி நிறைந்தது. செல்வி என்னோடு பேசினாள். டிஸ்பென்சரி ஐயா கரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். எல்லோரும் தண்ணீர் குணப்படுத்துகிறது என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை நான் மட்டும் பார்த்தேன். கீழ் டிவிஷனுக்கு மேலே வரும்போது அவள் டின்னை வைத்துவிடுவாள். உள்ளங்கையை அடிப்பலகையில் பதித்து வைப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெஞ்சில் வைப்பதுபோல. கடந்த பிறகு கையை எடுத்துக்கொண்டு மறுபடியும் இறைப்பாள். ஒரு நாள் திரும்பி வரும் வழியில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. பிறகு ஒரு நாள், பாதத்துக்கு அடியில், மரம் ஒரு தரம் அதிர்ந்தது. இடைவெளி விட்டு இன்னொரு தரம். நான் ராக்கக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, பயப்படவுமில்லை. ஒரே வீட்டுக்குள் இருக்கிற இரண்டு பேர் வெளியே யாரோ வருவதைக் கேட்கிற மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து நான் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் எழுந்தால் சேலையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று அவள் முந்தானையை என் காலுக்கடியில் மிதித்துக்கொண்டுதான் வலிப்பேன்.

பிறகு ஒரு நாள் காலை, மழை முடிந்து பனி இறங்கியிருந்தது. துறையில் நின்றால் படகின் மூக்கு தெரியவில்லை. கரையிலேயே நின்றிருக்கலாம். ஆனால் அக்கரையில் கொழுந்து முற்றிக் கிடந்தது, கங்காணி கத்திக்கொண்டிருந்தான். வழி எனக்கு மனப்பாடம். ஏறினோம். செல்வி முன்னால் உட்கார்ந்தாள். ஒருத்தி ராக்கக்காவைப் பார்த்து, "என்னாக்கா, இன்னிக்கு எறைக்கத் தண்ணி மேலயும் இருக்கு கீழயும் இருக்கு" என்று கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பனிக்குள் போய்த் திரும்பவே இல்லை. மலைகளுக்கு நடுவில் எப்போதும் எதிரொலி இருக்கும். அன்று இல்லை.

நடுத் தண்ணீரில் ராக்கக்கா டின்னை வைத்தாள்.

அப்போது அடி விழுந்தது. காலுக்கடியில் அல்ல, காதில். எல்லோர் காதிலும். இழுத்து ஒரு அடி. இடைவெளி. மறுபடி ஒரு அடி. தோலைத் தீயில் வாட்டி இறுக்கினால் வருகிற அந்தச் சத்தம். பனியின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை.

நான் துடுப்பை விட்டுவிட்டு ராக்கக்காவின் தோளைப் பிடித்தேன். அவள் அசையவில்லை.

எழுந்தது மற்றவர்கள். படகு நிறைய இருந்த அத்தனை பேரும், ஒரே நேரத்தில், பாயிலிருந்து எழுவதுபோல எழுந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. யார் முகத்திலும் பயம் இல்லை, தூக்கம்தான் இருந்தது. ஒருத்தி கையைப் பின்னால் கொண்டு போய்க் கொண்டையை முடிந்தாள். இன்னொருத்தி கொங்காணியைத் தேடினாள். செல்வியும் நின்றாள். தண்ணீர் வந்தபோது அவள் சிறு பெண்தான், அவள் முதுகுக்கும் அது தெரிந்திருந்தது. என் முதுகும் எழப் பார்த்தது, ராக்கக்காவின் தோளில் இருந்த பிடிதான் என்னை உட்கார வைத்தது.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே ஊற்றியது. நான் "உக்காருங்க, உக்காருங்க" என்றேன். என் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. ஒருத்தியும் திரும்பவில்லை. இன்னொரு சாய்வு, அவ்வளவுதான், அத்தனை பேரும் கீழ் டிவிஷனுக்குத் திரும்பிப் போயிருப்போம். நீந்தத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

ராக்கக்கா பேசினாள். சத்தம் போடாமல், அடுப்படியிலிருந்து சொல்வதுபோலச் சொன்னாள்.

"எழுப்புற அடிதான்டி இது. கூப்புடுற அடி இன்னும் விழல. உக்காந்து தேத்தண்ணிய குடிங்க."

அவர்கள் உட்கார்ந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, முட்டியை மடித்து, அடுப்புக்கு முன்னால் குந்துகிற மாதிரி. படகு ஆடி ஆடி நேரானது. அதற்குப் பிறகுதான் ஒருத்திக்கு விழிப்பு வந்து, "சாமி" என்று முனகினாள். செல்வி தாயின் காலைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தாய் பேசிக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

அடி நிற்கவில்லை. படகு எத்தனை சுற்றுச் சுற்றியதோ, எது அக்கரை எது இக்கரை என்று எனக்குத் தெரியவில்லை. இக்கரைக்குத் திருப்பு என்று அழுதார்கள். திருப்புவதற்கு முதலில் திசை வேண்டும். நான் துடுப்புகளை உள்ளே இழுத்து வைத்தேன். அவசரத்தில் வலிக்கிறவள் அணைப் பக்கம் போய்ச் சேருவாள். ராக்கக்காவிடம் கேட்டேன்.

"அண்ணன் எங்க நின்னு அடிப்பாரு?"

"அரச மரத்தடியில."

"களம்?"

"நீ சத்தத்தப் பாத்து ஒக்காந்தா ஒன் முதுகுப் பக்கம். மேட்டுல. அதுக்கு மேல அக்கரை மலை." அவள் பனிக்குள் ஒரு பக்கமாகக் கையைக் காட்டினாள். "சத்தம் அங்க. சத்தத்தப் பாத்துக்கிட்டே வலி."

படகு வலிக்கிறவள் பின்னால் பார்த்து உட்கார்ந்துதானே வலிக்க வேண்டும். சத்தத்தை விட்டு விலக வேண்டுமென்றால் சத்தத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விலக வேண்டும். அப்படித்தான் வலித்தேன். ஹெமின், ஹெமின். பனியையும், ஒவ்வொரு அடிக்கும் தண்ணீரில் விரிந்து வந்து படகைத் தொட்ட வளையத்தையும் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. ராக்கக்கா மட்டும் டின்னை எடுத்து இறைத்துக்கொண்டிருந்தாள், அடிக்கு ஒன்று, அடிக்கு ஒன்று. கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய மூச்சும் அதோடு சேர்ந்துவிட்டது. படகின் அடி அக்கரைச் சேற்றில் ஏறியபோது நான் திரும்பிப் பார்த்தேன். களம் இருந்த மேட்டின் விளிம்புக்கு நேராகப் போய்ச் சேர்ந்திருந்தோம்.

கரையில் செல்வி போத்தலில் இருந்த தேத்தண்ணியை ஊற்றித் தாயிடம் கொடுத்தாள். ராக்கக்கா காலை நீட்டி உட்கார்ந்து அதைக் குடித்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் எந்திரிச்சாங்க. நீ எப்புடிக்கா உக்காந்திருந்த?"

"நான் என்னிக்குப் புள்ள அந்த அடிக்கு எந்திரிச்சேன்?" என்றாள். "அதுக்கு முன்னாடியே எந்திரிச்சு நெருப்பு மூட்டி, அவருக்குத் தோலு காச்சிக் குடுத்து அனுப்புவேன். அவரு போயி மொத அடி அடிச்சாத்தான் எனக்கு ஒக்கார நேரம். கூப்புடுற அடி வரைக்கும் ஒக்காந்து தேத்தண்ணி குடிப்பேன். அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்த நேரம்."

கடைசி மிடறைக் குடித்துவிட்டு, "அதத்தான் இத்தன நாளா தேடிக்கிட்டிருந்தேன் போல" என்றாள்.

இதுதான் அந்தச் சிங்களப் பெரியவர் சொல்லாமல் விட்ட பாதி. ஆட்களைப் பார் என்றார். நான் நோயாளியையே பார்த்தேன், அவள் முந்தானையை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படகைக் கவிழ்க்கப் பார்த்தவர்கள் சுகமாக இருந்தவர்கள். எது வந்தால் யார் எழுவார்கள் என்று யாருக்கும் தெரியாது, எழுகிறவர்களுக்கே தெரியாது. உங்கள் படகில் ஒருவர் அழுதுகொண்டு ஏறினால் அவரைப் பாருங்கள். சிரித்துக்கொண்டு ஏறுகிறவரையும் பாருங்கள். ஆபத்து வந்தால் உத்தரவு போடாதீர்கள். அவர்கள் உடம்புக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். பங்களா விருந்தாளிக்கு எங்கள் பெரட்டு தெரியாது. அவருக்குத் தெரிந்தது எது என்று ஏறும்போதே பேச்சுக் கொடுத்து அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராக்கக்கா அதன்பின் வெகு காலம் வேலை செய்தாள். செல்விக்கு ஓப்பநாயக்கவில் சம்பந்தம் பேசி அனுப்பி வைத்தாள். தன் பாயிலேயே, தூக்கத்தில்தான் போனாள். அவளைத் தண்ணீர் எடுக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவள் உள்ளங்கையைப் பலகையில் வைத்ததே இல்லை.

அவள் இருந்தபோதே நடுவில் ஒரு பெரிய வறட்சி வந்தது. தண்ணீர் இறங்கிக் கோயில் சுவரும் லயத்து அத்திவாரமும் வெளியே வந்தன. ராக்கக்காவும் நானும் வெடித்த சேற்றில் நடந்து போய்ப் பார்த்தோம். பட்டுப்போன அரச மரத்தின் கவட்டையில் ஒரு வெற்றுத் தார்ப் பீப்பாய் சிக்கியிருந்தது. தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வந்தால் அது மிதந்து மரத்தில் முட்டும்.

"பாத்தியா, பீப்பா" என்று ராக்கக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அணைக்காரர்கள் வந்து பீப்பாயை இழுத்துப் போனார்கள். லயத்துச் சுவரில் தப்பு மாட்டியிருந்த ஆணி அப்படியே இருந்தது. தப்பு இல்லை. தோல் அழுகியிருக்கும், சட்டம் மிதந்து போயிருக்கும். நான் அப்படித்தான் சொன்னேன். ராக்கக்கா ஆணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

பீப்பாய் போன பிறகும் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். பனி இறங்கிய காலைகளில், இழுத்து இழுத்து. போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டிருக்கிறாள். அதனால் சொல்கிறேன்: அது உங்களுக்குக் கெடுதல் செய்யாது. துடுப்பை உள்ளே இழுங்கள். ஆட்களை உட்கார வையுங்கள். கைக்கு வேலை கொடுங்கள். சத்தத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக விலகுங்கள், அக்கரை தானாக வரும். இறங்கும்போது விருந்தாளியின் முகத்தைப் பாருங்கள். ஏறியதைவிடத் தெளிந்திருக்கும். பயந்து முடித்த உடம்பு அன்றைக்கு நன்றாகத் தூங்கும். பலகையில் இருப்பது பொய் இல்லை.

அந்தப் பிள்ளை மறுநாள் வந்தபோது இரண்டு அடியைப் பற்றி மட்டும் சொன்னேன். கூப்பிடுகிற அடி விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அது ஒரு தரமும் விழவில்லை. விழுந்தாலும் அது உங்களுக்கு இல்லை. அந்தக் களத்தில் வரிசையில் நின்றவர்களுக்குத்தான். உங்களில் யாரும் அங்கே நின்றதில்லை. நின்றவர்களில் இப்போது மிச்சம் இருப்பது நானும் இன்னும் ஓரிருவரும்தான். எங்களுக்கு வழி தெரியும்.

அவ்வளவுதான் தர்ஷினி. பேனாவை வை. அந்த ஜன்னலைச் சாத்து, தண்ணீர்ப் பக்கம் பனி ஏறுகிறது. இப்போது முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு, நிதானமாக. நடுவில் நான் எழுந்து நின்றால் பயந்துவிடாதே. எழுப்புகிற அடிதான், இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லி, எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடு.